உங்கள் பந்து ஓடும் தடத்துக்கு எந்தத் துளை அமைப்பு பொருந்தும்?

ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி தோட்டத்துக்குள் வந்து நின்ற பிறகு இடத்தைப் பற்றி யோசிக்கும் விவசாயி கொங்கு நாட்டில் இல்லை. அதற்கு முன்பே நீரோட்டம் பார்ப்பவரை அழைத்து, உள்ளங்கையில் தேங்காயோடு காடு முழுக்க நடக்கவிட்டு, அக்கம்பக்கத்தில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று விசாரித்து, அதன் பிறகே முளைக்குச்சி அடிப்பார்கள். பக்கத்துத் தோட்டத்தில் வந்ததே என்று அதே நேர்கோட்டில் போட்டு, ஆயிரம் அடி வரை வெறும் புழுதி பறந்த கதையும் ஊருக்கு ஊர் உண்டு.

பந்தை உருட்டி, பின் எனும் பத்துக் கட்டைகளை விழவைக்கும் டென்பின் பவுலிங்கில், பந்தில் விரல் துளை போடுவதும் அப்படித்தான். வாடகைப் பந்தில் ஆடி ஆடி, இனிச் சொந்தப் பந்து வேண்டும் என்று முடிவெடுக்கும் இளைஞர்கள் கோவையிலும் திருப்பூரிலும் கூடிக்கொண்டு வருகிறார்கள். என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, உங்கள் பந்தில் போட்டிருக்கிற மாதிரியே என் பந்திலும் போட்டுவிடலாமா?" கூடாது. என் துளை அமைப்பு என் கைக்கானது. பந்து ஓடும் பாதையான லேனை என் பந்து தொடும் தடம் வேறு, உங்கள் தடம் வேறு. எந்தத் தடத்துக்கு எது சரியாக வரும் என்பதை என்னோடு ஆடும் இருவரையும் என்னையும் வைத்தே ஒப்பிட்டுச் சொல்கிறேன். மூன்று பேர் கையும் மூன்று விதம்.

முதலில் பந்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். கணபதியில் பம்புசெட் பட்டறையில் வேலை செய்கிறவன் நான். மோட்டார் ரோட்டரை பாலன்சிங் மெஷினில் ஏற்றிச் சுழற்றி, எடை கூடிய பக்கத்தில் சிறு துளை போட்டு உலோகத்தை எடுத்துவிடுவது எங்கள் அன்றாட வேலை. ஒரு இம்மி தள்ளாடினாலும் பேரிங் போய்விடும். பவுலிங் பந்தைச் செய்கிறவர்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறார்கள். உள்ளே இருக்கும் கனமான கருவை உருண்டையாக வைக்காமல், பல்பு போலவோ இன்னும் கோணலாகவோ வார்க்கிறார்கள். பந்து தள்ளாட வேண்டும் என்பதே நோக்கம். அந்தக் கருவின் உச்சி எங்கே இருக்கிறது என்பதைப் பந்தின் மேல் சிறு நிறப் புள்ளியாகக் காட்டியிருப்பார்கள். அதற்குப் பெயர் பின். விழவைக்கும் பின்னுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. குழப்பம் வராமல் இருக்க, கருவின் புள்ளி என்ற பொருளில் இதைக் கருப்புள்ளி என்றே சொல்கிறேன்.

நீங்கள் வீசும்போது பந்து ஒரு அச்சில் சுழல்கிறது. அந்த அச்சின் முனை, வலது கைக்காரருக்குப் பந்தின் வலப்பக்கத்தில் இருக்கும். அதுதான் அச்சுப்புள்ளி, ஆடுகிறவர்கள் பி.ஏ.பி. என்பார்கள். கருப்புள்ளி இந்த அச்சுப்புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே துளை அமைப்பின் உயிர். துளைகளை எங்கே போடுகிறீர்களோ, அதை வைத்துத்தான் உங்கள் பிடியில் கருப்புள்ளி எங்கே உட்காரும் என்பது முடிவாகிறது. பந்தின் சுற்றளவு சுமார் 27 அங்குலம்; அதில் கால் பங்கு 6¾ அங்குலம். கருப்புள்ளி அச்சுப்புள்ளியின் மேலேயே இருந்தாலும், 6¾ அங்குலம் தள்ளி இருந்தாலும், பந்து ஏறக்குறைய ஒரே அச்சில் அமைதியாகச் சுழலும். இரண்டுக்கும் நடுவில், 3⅜ அங்குலத்தில் இருந்தால் தள்ளாட்டம் உச்சம். பம்பரம் தலையாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே ஆட்டம்தான். அச்சு ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் நகர்வதால், லேனைத் தொடும் வளையமும் சுற்றுக்குச் சுற்று நகர்கிறது. இதுதான் ஃப்ளேர். லேன் மேல் பூசியிருக்கும் எண்ணெய் படாத புதுப் பரப்பு ஒவ்வொரு சுற்றிலும் தரையைப் பிடிப்பதால்தான் பந்து வளைகிறது.

பெங்களூரில் எண்ணெய் பூசிய லேனில் முதன்முறை ஆடியபோது, திரும்பி வந்த பந்தைக் கையில் எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். மெல்லிய எண்ணெய் வளையங்கள் ஒன்றன்பக்கம் ஒன்றாக, உடுக்கையின் இடுப்பில் கயிறுகள் கூடுவதைப் போல ஓரிடத்தில் குவிந்து, இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தன. ஒவ்வொரு கோடும் ஒரு சுற்று. என் கை என்ன செய்கிறது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

நம் ஊர் லேன்களில் அந்த வளையம் தெரிவது அபூர்வம். மாலில் இருக்கும் லேன்கள் பொழுதுபோக்குக்கு வருகிறவர்களுக்கானவை. நான் ஆடுகிறவற்றில் எண்ணெய் மிகக் குறைவு, சில நாட்களில் கொஞ்சமும் இல்லை. அதனால் அச்சுப்புள்ளியை டேப் ஒட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெள்ளை டேப் வெட்டிக்கொள்ளுங்கள். வலது கைக்காரர் என்றால், பிடியின் நடுவிலிருந்து வலப்பக்கம் 5 அங்குலம் அளந்து, அங்கிருந்து அரை அங்குலம் மேலே ஒட்டுங்கள். பலருக்கு அச்சுப்புள்ளி அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கும். வழக்கம்போல வீசுங்கள். லேனில் வரைந்திருக்கும் அம்புக்குறிகளைத் தாண்டும் வரை, அதாவது முதல் 15 அடிக்குள், டேப்பை மட்டும் பாருங்கள். வெள்ளைப் புள்ளி வட்டமடித்தால் இடம் தவறு. வட்டத்தின் நடு எந்தப் பக்கம் என்று பார்த்துக் கால் அங்குலம் நகர்த்தி மறுபடி வீசுங்கள். நாலைந்து முறைக்குப் பிறகு ஒரு வீச்சில் பந்து சுழல்கிறது, டேப் மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது என்று தோன்றும். அதுதான் உங்கள் புள்ளி. போனில் மெதுவாக ஓடும்படி படமெடுத்தால் இன்னும் துல்லியம்.

ஒன்றை மறக்கக் கூடாது. இதை வாடகைப் பந்தில் செய்து பயனில்லை. வாடகைப் பந்தில் விரல் இரண்டாம் கணு வரை உள்ளே போகும். சொந்தப் பந்தில் பெரும்பாலும் முதல் கணு வரைதான். பிடி மாறினால் விடுவிக்கும் விதம் மாறும். அதோடு தடமும் மாறிவிடும். ஆகவே முதல் பந்து பிளாஸ்டிக் பந்தாக இருக்கட்டும் என்பது என் உறுதியான கருத்து. அதன் கரு சாதாரணத் தட்டைக் கரு என்பதால், துளை அமைப்பில் பிழை வந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. மூன்று நான்கு மாதம் ஆடினால் பந்தின் மேல் கீறல்கள் சேர்ந்து ஒரு மங்கிய பட்டை விழும். அந்தப் பட்டைதான் உங்கள் தடம். எண்ணெய் இல்லாத ஊரில் அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

தடம் மூன்று வகை

கட்டைவிரல் துளைக்கும் மற்ற இரு விரல் துளைகளுக்கும் வெளியே, அவற்றிலிருந்து சற்றுத் தள்ளிப் போவது முதல் வகை. பெரும்பாலானவர்களுக்கு இதுதான், எனக்கும் இதுதான். துளைகளை உரசும் அளவு நெருங்கிய உயரமான தடம் இரண்டாவது வகை. அதற்கும் மேலே, கட்டைவிரலுக்கும் விரல்களுக்கும் நடுவிலேயே முழு வட்டமாகப் போகிறவர்களும் உண்டு. இன்று அவர்கள் மிகக் குறைவு. மூன்றாவது, துளைகளை விட்டு வெகுதூரம் தள்ளி, சிறிய வட்டமாக விழும் தாழ்ந்த தடம். பந்து பம்பரம் போலக் குத்தாகச் சுழன்றுகொண்டே போகும்.

தடத்தின் உயரம் என்ன சொல்கிறது என்பதுதான் முக்கியம். உயரமான தடக்காரரின் பந்து கையை விட்டதுமே உருள ஆரம்பித்துவிடும். தாழ்ந்த தடக்காரரின் பந்து வெகுதூரம் வழுக்கிக்கொண்டே போகும். கைக்கு எது குறைவோ, அதைத் துளை அமைப்பு கொடுக்க வேண்டும்.

கருப்புள்ளி மேலேயா, கீழேயா?

எல்லோரும் அதிகம் வாதாடுவது இதைப் பற்றித்தான். விரல் துளைகளுக்கு மேலே கருப்புள்ளி வரும்படி போட்டால் பந்து அதிக தூரம் வழுக்கி, கடைசியில் சட்டென்று திரும்பும். துளைகளுக்குக் கீழே வரும்படி போட்டால் முன்னதாகவே வளைய ஆரம்பித்து, தேர் திரும்புவது போல நிதானமாக வரும். முதலாவதைப் பார்க்கக் கண்ணுக்கு அழகு. அதனாலேயே புதியவர்கள் அதையே கேட்கிறார்கள்.

இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க வேண்டிய சமயம் எது? லேனில் எண்ணெய் எங்கே முடிகிறது என்று உங்களுக்குத் தெரியாதபோது. வழுக்கிச் சென்று சட்டென்று திரும்பும் பந்து, திரும்பும் இடம் ஓரடி முன்பின் ஆனாலும் முதல் பின்னுக்கும் அதற்கடுத்த பின்னுக்கும் இடைப்பட்ட பாக்கெட்டைத் தவறவிடும். நிதானமாக வளையும் பந்து அந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்ளும். லேனை நன்கு பிடிக்கும் மேற்பரப்புள்ள ரியாக்டிவ் பந்தை முதன்முதலாக வாங்குகிறவருக்கு, சாதாரணத் தடம் என்றால், நான் கீழே வைக்கத்தான் சொல்வேன். அது கைக்கு ஒழுக்கம் கற்றுக் கொடுக்கும்.

உயரமான தடக்காரருக்கு இது பொருந்தாது. அவர் பந்து ஏற்கெனவே முன்னதாக உருள்கிறது. கீழேயும் வைத்தால் பின்களுக்கு முன்பே பலமெல்லாம் தீர்ந்து, உள்ளங்கையால் தள்ளியது போல மெத்தென்று போய் விழும்.

அதிக ஃப்ளேரா, குறைந்த ஃப்ளேரா?

நம் ஊரைப் பொறுத்தவரை, மேலே கீழே என்பதைவிட இந்தக் கேள்விதான் பெரியது. என் முதல் ரியாக்டிவ் பந்தில் நான் செய்த பிழையும் இங்கேதான். நன்றாக ஆடும் ஒருவர் தன் பந்தில் 3⅜ அங்குலத்தில் கருப்புள்ளி வைத்திருந்தார். அதிகம் வளையும் என்றார். அதையே கேட்டு வாங்கினேன். அவர் ஆடியது எண்ணெய் நிறைந்த போட்டி லேனில். நான் ஆடியது காய்ந்த லேனில். 60 அடி லேனில் பாதி தூரம் போவதற்குள் பந்து திரும்பி, லேனின் இடப்பக்க ஓரப் பள்ளம் வரை போனது. வேகத்தைக் கூட்டினேன், வலது ஓரத்துக்கு நகர்ந்தேன், மணிக்கட்டை நேராக்கினேன். ஆறு மாதத்தில் என் வீச்சே கெட்டுப்போனது. கோளாறு கையில் இல்லை, அந்த 3⅜-ல் இருந்தது.

காய்ந்த லேனுக்கு 5 முதல் 5½ அங்குலம் நல்லது. ஃப்ளேர் குறைவு, பந்து வழுக்கும் தூரம் அதிகம். எதிர்ப்பக்கம் ஒன்றும் உண்டு: அச்சுப்புள்ளிக்கு மிக அருகில், 1 முதல் 2 அங்குலத்துக்குள் வைப்பது. அங்கேயும் ஃப்ளேர் குறைவுதான். ஆனால் பந்து சீக்கிரம் உருளத் தொடங்கிவிடும். இரண்டும் அமைதியான பந்துகள். ஒன்று நீளம் போகும், மற்றொன்று அடங்கி உருளும். காய்ந்த லேனில் கைக்குச் சுழற்சி குறைவாக இருப்பவருக்கு அருகில் வைப்பது சரிவராது, பந்து செத்துவிடும். எனவே முன்னதே என் தேர்வு.

உயரமான தடக்காரர் காய்ந்த லேனில் மட்டுமல்ல, எங்கே ஆடினாலும் ஃப்ளேரைக் குறைத்தே வைக்க வேண்டும். தடம் துளைகளை ஒட்டியே ஓடுவதால், ஃப்ளேர் விரிந்தால் துளையின் மேலேயே உருண்டு போகும். அப்போது "டக், டக்" என்று சத்தம் கேட்கும். லேனில் வேறு யாரும் ஆடாத நேரத்தில் காதைத் தீட்டிக் கேட்டால் எண்ணிக்கூட விடலாம். ஒவ்வொரு சத்தமும் பந்து பிடியை இழக்கும் ஒரு கணம். நடுவிலேயே முழுவட்டம் போகிறவர்களுக்கு இது இன்னும் கண்டிப்பு.

எண்கள் மூன்று

துளை போடுகிறவர் "60, 5, 30" என்பது போல மூன்று எண்கள் சொன்னால் திகைக்க வேண்டாம். அமெரிக்காவில் பந்து வடிவமைத்த, 2021-ல் மறைந்த மோ பினெல் என்பவர் பரப்பிய முறை அது. நடு எண், கருப்புள்ளிக்கும் அச்சுப்புள்ளிக்கும் உள்ள தூரம், அங்குலத்தில். மற்ற இரண்டும் கோணங்கள். முதல் கோணம் குறைந்தால் பந்து முன்னதாக எழும், கூடினால் தாமதிக்கும். கடைசிக் கோணம் அச்சுப்புள்ளி வழியாகப் போகும் செங்குத்துக் கோட்டோடு சேர்த்து அளப்பது. அது குறைந்தால் கருப்புள்ளி மேலே ஏறும், திருப்பம் சடுதியில் நடக்கும். கூடினால் கீழே இறங்கும், திருப்பம் மெதுவாகும். இந்தக் கடைசிக் கோணத்தை 20 முதல் 70 டிகிரிக்குள் வைப்பது வழக்கம். அதைத் தாண்டினால் ஃப்ளேர் துளைகளின் மேல் ஏறும் அபாயம் உண்டு.

முன்பெல்லாம் கணக்குப் பிசகினால் பந்தில் இன்னொரு துளை போட்டு எடையைச் சரிசெய்துகொள்வார்கள். ஆட்ட விதிகளை வகுக்கும் அமைப்பான அமெரிக்க பவுலிங் காங்கிரஸ் 2020 ஆகஸ்ட் 1 முதல் அந்தச் சமன் துளையைத் தடை செய்துவிட்டது. இப்போது விரல் போடும் துளைகள் மட்டுமே. அவையே கருவில் எடையைக் குறைக்கின்றன, அவையே ஃப்ளேரைத் தீர்மானிக்கின்றன. அதனால் முன்யோசனைக்கு மதிப்பு முன்பைவிடக் கூடியிருக்கிறது.

மூன்று பேர், மூன்று முடிவு

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் என் அத்தை மகனுக்கு உயரமான தடம். இரண்டு மாதமாகச் சத்தம் கேட்கிறது என்று புலம்பிக்கொண்டிருந்தார். "மச்சான், பந்தில்தான் விரிசல்" என்பது அவர் தீர்ப்பு. பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நடுவிரல் துளையின் உதட்டில் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பு போய், உப்புத்தாள் தேய்த்தது போல இருந்தது. விரிசல் இல்லை, தடம் ஏறி உருண்ட இடம். "மாப்பிள்ளை, பந்தை மாற்ற வேண்டாம், துளையை மாற்றினால் போதும்" என்றேன். பழைய துளைகளைப் பிசின் ஊற்றி அடைத்து, காய்ந்ததும் தேய்த்து, 5½ அங்குலத்தில், கடைசிக் கோணம் 40 டிகிரி வரும்படி புதிதாகப் போட்டோம். இன்னும் சிறு கோணம் வைத்தால் நீளம் கூடும் என்று துளை போட்டவர் சொன்னார். விரல் துளைக்கு அருகே ஃப்ளேர் வரும் என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. மேற்பரப்பையும் பாலிஷ் செய்யச் சொன்னேன். சத்தம் நின்றுவிட்டது.

ஈரோட்டிலிருந்து வரும் கல்லூரித் தம்பி இரண்டு கையாலும் வீசுகிறவர். கட்டைவிரலே போடுவதில்லை. சுழற்சி என்னைப் போல இரண்டு மடங்கு. அவருக்குக் கட்டைவிரல் துளையே வேண்டாம். போட்ட துளையை ஒவ்வொரு வீச்சிலும் பயன்படுத்த வேண்டும் என்பது இன்றைய விதி. அந்த அளவு சுழற்சிக்குக் காய்ந்த லேனில் எந்த ரியாக்டிவ் பந்தும் அதிகம் வளையும். அதனால் துளை அமைப்பில் மல்லுக்கட்டாமல், பலம் குறைந்த கருவுள்ள பந்தாக எடுத்து 5½ அங்குலம் வைக்கச் சொன்னேன். வேறு பேச்சில்லை.

தாழ்ந்த தடக்காரர் எங்கள் குழுவில் இல்லை. இருந்தால் என் யோசனை இதுதான்: கருப்புள்ளி கீழே, 4 அங்குலம், முதல் கோணம் சிறியது, மேற்பரப்பு சொரசொரப்பு. வழுக்கும் பந்தைச் சீக்கிரம் தரையில் இறக்க வேண்டும். தைவான் பக்கம் பத்து, பதினோரு பவுண்டு லேசான பந்தைத் தட்டு போலச் சுழற்றி வீசும் ஆட்டம் வேறு. அதற்கு இந்தக் கணக்கு எதுவும் தேவையில்லை.

எனக்கு? சாதாரணத் தடம், மிதமான சுழற்சி, காய்ந்த லேன். இரண்டு தேர்வுகள் முன்னால் இருந்தன. ஒன்று 60, 5, 30; மற்றது 45, 5, 60. முதலாவது கடைசியில் சட்டென்று திரும்பும். பின்களுக்குள் நுழையும் கோணம் 6 டிகிரியை நெருங்கினால் ஒரே வீச்சில் பத்தும் விழும் ஸ்டிரைக் அதிகம் வரும் என்பதால் மனம் அந்தப் பக்கம் இழுத்தது. ஆனால் சனி, ஞாயிறு மாலைகளில் பிள்ளைகள் ஆடி ஆடி லேன் மணிக்கொரு விதமாக மாறும். அந்தச் சூழலில் ஒரே மாதிரி வரும் பந்துதான் எனக்கு ஸ்கோர் தரும். 45, 5, 60 தான் போட்டேன். ஒரு வருடம் ஆகிறது, வருத்தம் இல்லை.

இத்தனை சொன்ன பிறகும், துளை அமைப்பைவிட மேற்பரப்பு பெரியது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே பந்தை 500 எண் தேய்ப்பு அட்டையில் தேய்த்து ஒரு முறை, பாலிஷ் செய்து ஒரு முறை வீசிப் பாருங்கள். கருப்புள்ளியை ஓரங்குலம் நகர்த்தினாலும் அவ்வளவு மாற்றம் வராது. பந்து சரிவரவில்லை என்றால், துளையை அடைக்கும் முன் தேய்ப்பு அட்டையை எடுங்கள். அது மலிவு, திருப்பி மாற்றவும் முடியும்.

துளை போட நம் பக்கத்தில் ஆள் கிடைக்காமல் பெங்களூர் போகிறவர்கள், கையில் மூன்று விஷயம் எழுதி எடுத்துப் போங்கள்: டேப் வைத்து அளந்த அச்சுப்புள்ளி, பிளாஸ்டிக் பந்தில் விழுந்த தடத்தின் தெளிவான படம், நீங்கள் வழக்கமாக ஆடும் லேனில் எண்ணெய் எவ்வளவு என்பது. மூன்றாவதை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள், நீங்களாகச் சொல்லுங்கள். அதிகாலை உதய் எக்ஸ்பிரஸில் ஏறினால், பந்தை மேலே சாமான் தட்டில் வைக்காதீர்கள். 15 பவுண்டு என்பது ஏழு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. காலடியில் வைத்து, பையின் கயிற்றை இருக்கைக் காலில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள்.